எக்மோ இருந்திருந்தால் அண்ணா பிழைத்திருப்பாரா?

கேள்வி: என் அண்ணாவுக்கு வயது 46. புத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர் மைதானத்தில் பின்னேரம் கரப்பந்தாட்டம் விளையாடிக்கொண்டிருந்தவர் திடீரென்று விழுந்தார். கை கால் இழுத்தபடியால் வலிப்பு என்று நினைத்துக் கையில் திறப்பைக் கொடுத்தார்கள், முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள், சோடா பருக்கப் பார்த்தார்கள். பிறகு ஓட்டோவில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். விழுந்ததிலிருந்து 35 நிமிடம் சென்றிருக்கும். வழியெல்லாம் இடைக்கிடை மூச்சு இழுத்தார். அங்கே 40 நிமிடம் போராடினார்கள். ஈசிஜியில் கடைசிவரை நேர்கோடுதான். பாரிசில் இருக்கும் எங்கள் மச்சான் போன வருடம் வேலை செய்யும் உணவகத்தில் இதே மாதிரி விழுந்தார். இதயமும் நுரையீரலும் செய்யும் வேலையை உடலுக்கு வெளியே நின்று செய்யும் எக்மோ மெசினை அவருக்குப் பூட்டினார்கள். இன்று எழுந்து நடமாடுகிறார். அது இங்கே இருந்திருந்தால் அண்ணாவும் பிழைத்திருப்பாரா? எங்கள் ஊர்ச் சங்கத்தின் பாரிஸ் கிளை பணம் சேர்த்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு மெசின் வாங்கித் தரலாம் என்கிறது. அது சரியா? — ம., வயது 41

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணாவின் இழப்பு எவ்வளவு பெரியது என்று உங்கள் கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. அதனால் முதற் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்கிறேன். நீங்கள் எழுதியபடிதான் நடந்தது என்றால், அந்த மெசின் அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஆயத்தமாக நின்றிருந்தாலும் அண்ணாவுக்கு அதைப் பூட்டியிருக்க மாட்டார்கள். பாரிசிலும் பூட்டியிருக்க மாட்டார்கள். காரணம் விளங்கினால் சங்கத்தின் பணம் எங்கே போகவேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

மாரடைப்பு வேறு, இதயம் நிற்பது வேறு. மாரடைப்பில் இதயத் தசைக்குக் குருதி கொண்டுபோகும் குழாய் அடைபடுகிறது. ஆள் வியர்த்து நெஞ்சைப் பிடித்தாலும் கதைப்பார். அந்த அடைப்பாலோ வேறு காரணத்தாலோ இதயத்தின் மின்னோட்டம் குழம்பினால், தசை நார்கள் ஒன்றாகச் சுருங்காமல் தன்தன் பாட்டில் நடுங்கத் தொடங்கும். குருதி ஒரு சொட்டும் வெளியே போகாது. பத்துப் பதினைந்து விநாடிக்குள் நினைவு போய்விடும். மூளைக்கு ஒட்சிசன் அறுந்த அந்த நேரத்தில் கை கால் இழுக்கும். பார்ப்பவர்கள் வலிப்பு என்று எடுத்துவிடுவார்கள். நாலைந்து நிமிடத்தில் மூளைக் கலங்கள் கெடத் தொடங்கும். ஓட்டோவில் அண்ணா இழுத்ததும் மூச்சல்ல. ஊரில் சேடம் இழுக்கிறது என்போமே, அதுதான். இதயம் நின்ற முதல் நிமிடங்களில் பலருக்கு இது வரும். "மூச்சு இருக்குது, கெதியா ஏத்துங்கோ" என்று சனம் ஆறுதல்படும் அந்த நேரத்தில்தான் நெஞ்சில் கை வைக்கவேண்டும்.

இனி மெசின். எக்மோ என்ற சொல் எங்கள் சனத்தின் வாயில் ஏறியது 2016 டிசம்பரில் ஜெயலலிதாவுக்கும் 2020இல் எஸ்.பி.பாலசுப்பிரமணியத்துக்கும் அது பூட்டப்பட்டபோது. பாடகருக்குப் பூட்டியது கொவிட் தாக்கிய நுரையீரலுக்காக. ஜெயலலிதாவுக்கு, இதயம் நின்ற பிறகு. உங்கள் மச்சானுக்கு நடந்ததும் இந்த இரண்டாவது வகை. நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும்போதே பூட்டுவதால் இதற்கு ஈ-சிபிஆர் என்று பெயர்.

தொடை இடுக்கிலுள்ள பெரிய நாளத்தினூடாக ஏறத்தாழ பென்சில் தடிப்பில், 7 முதல் 8 மில்லிமீற்றர் குழாய் ஒன்றை இதயத்தின் வலது மேலறையான சோணையறை வரை ஏற்றுவார்கள். கறுத்த குருதி அதன் வழியே வெளியே வரும். நிமிடத்துக்கு மூவாயிரம் தடவைக்கு மேல் சுழலக்கூடிய ஒரு பம்பி அதை இழுத்து, ஆயிரக்கணக்கான நுண்குழல்கள் கொண்ட செயற்கை நுரையீரலுக்குள் தள்ளும். அங்கே காபனீரொட்சைட்டு கழிந்து ஒட்சிசன் ஏறும். சிவந்த குருதி, தொடை நாடியில் போட்ட 5 முதல் 6 மில்லிமீற்றர் குழாயினூடாகப் பெருநாடிக்குத் திரும்பும். நிமிடத்துக்கு 3 முதல் 4 லீற்றர் ஓடும். சுகதேகியின் இதயம் ஓய்வில் ஏறத்தாழ 5 லீற்றர் தள்ளும். கையால் நெஞ்சை அழுத்தும்போது கிடைப்பது அதில் கால்வாசி, மிஞ்சினால் மூன்றிலொரு பங்கு. மெசினின் பலம் இவ்வளவுதான். அது இதயத்தைக் குணமாக்காது. அடைப்பைக் கண்டுபிடித்து ஸ்டென்ட் வைக்கும்வரை, அல்லது உடலில் ஏறிய நஞ்சு கழியும்வரை, மூளையைக் காப்பாற்றிப் பிடித்துக்கொண்டு நிற்கும். எங்கள் பக்கத்தில் அலரி நஞ்சால் துடிப்புக் குழம்பி வரும் இளம் பிள்ளைகளை நினைக்கும்போது, இந்த "பிடித்துக்கொண்டு நிற்பது" சின்ன விசயமல்ல.

ஆனால் காப்பாற்றுவதற்கு மூளை உயிரோடு இருக்கவேண்டும். எக்மோ செய்யும் குழுக்கள் ஆளைத் தெரிவுசெய்யும் விதிகள் எல்லாம் இதைச் சுற்றித்தான். வயது பொதுவாக 70க்குள். விழுந்ததை யாராவது பார்த்திருக்கவேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் யாராவது நெஞ்சை அழுத்தத் தொடங்கியிருக்கவேண்டும். ஈசிஜியில் முதலில் கண்டது மின்னதிர்ச்சிக்கு அடங்கக்கூடிய நடுக்கமாக இருக்கவேண்டும். மூன்று தடவை அதிர்ச்சி கொடுத்தும், துடிப்பை ஒழுங்காக்கும் அமியோடரோன் மருந்து 300 மில்லிகிராம் ஏற்றியும் அடங்கவில்லை என்றால்தான் மெசினை யோசிப்பார்கள். சுவாசக் குழாயில் அளக்கும் காபனீரொட்சைட்டின் அமுக்கம் 10 மில்லிமீற்றர் இரசத்துக்குக் கீழே போயிருந்தால் பெரும்பாலும் கைவிடுவார்கள். குருதி ஓடவே இல்லை என்பதற்கு அது அடையாளம். விழுந்ததிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் மெசினில் குருதி ஓடத் தொடங்கவேண்டும். அண்ணாவின் வயதும், ஆட்கள் பார்க்க விழுந்ததும் அவருக்குச் சாதகமாக இருந்தன. ஆனால் 35 நிமிடம் மூளைக்குக் குருதி போகவில்லை, வந்தபோது நேர்கோடு. மச்சான் விழுந்தபோது பக்கத்தில் நின்றவர் என்ன செய்தார் என்று கேட்டுப் பாருங்கள். அன்று அந்தச் சமையலறையில் யாரோ உடனே நெஞ்சை அழுத்தியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். பாரிஸ் நகரில் வைத்தியரே அம்புலன்ஸில் வருகிறார். 2011 முதல் எக்மோவை விழுந்த இடத்துக்கே கொண்டுபோய்ப் பூட்டும் குழுவும் இருக்கிறது. அந்தக் குழுவும் முதல் ஆளின் கை செய்த வேலைக்கு மேல்தான் தன் வேலையைத் தொடங்குகிறது.

பூட்டுவது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று தெரிந்தால், "மெசின் வாங்கினால் போதும்" என்ற எண்ணம் மாறும். நெஞ்சு அழுத்தப்படுகிறது, உடம்பு முழுக்க ஆடுகிறது; ஆடும் அந்தத் தொடையில்தான் ஊசி போகவேண்டும். சாதாரண நாளில் நாடியையும் நாளத்தையும் பிரித்தறிவது சுலபம்: நாடி துடிக்கும், அதன் குருதி சிவப்பு, நாளம் துடிக்காது, கறுப்பு. இதயம் நின்ற ஆளில் இரண்டுமே கறுப்பு. நெஞ்சை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் இரண்டுமே துடிக்கும். ஆகவே அல்ட்ராசவுண்ட் பார்த்தே குத்தவேண்டும். ஊசி வழியே விடும் வழிகாட்டிக் கம்பிகள் உள்ளே போனதும் ஒன்று பெருநாளத்திலும் மற்றது பெருநாடியிலும் கிடக்கிறதா என்று ஸ்கானில் கண்ணால் கண்ட பிறகுதான் குழாய் ஏற்றலாம். கம்பி சற்று வளைந்திருக்க, துளையைப் பெரிதாக்கும் விரிப்பானைத் தள்ளினால் நாளம் கிழிந்து வயிற்றின் பின்பக்கம் குருதி கொட்டும். வெளியே ஒன்றும் தெரியாது.

இதே நேரம் இன்னொருவர் மெசினின் குழாய்களை உப்புநீரால் நிரப்பிக் குமிழ்களைத் தட்டித் தட்டி வெளியேற்றுவார். குருதி உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் மருந்து 5000 அலகு ஏறும். இணைக்கும்போது இரண்டு வாய்களிலும் உப்புநீரை ஊற்றி, நீரோடு நீர் முட்டத்தான் பொருத்துவார்கள். நாடிப்பக்கம் போகும் ஒரு காற்றுக் குமிழ் நேரே மூளைக்குப் போகலாம். குழாய்களை மூடிப் பிடித்திருந்த கவ்விகளைத் திறந்ததும் குழு முதலில் பார்ப்பது நிறத்தை. ஒரு குழாய் கறுத்தும் மற்றது செக்கச்செவேலென்றும் இருந்தால் சரி. இரண்டும் ஒரே கறுப்பாக ஓடினால் பெரும்பாலும் ஒட்சிசன் குழாய் பூட்டப்படவில்லை. உறிஞ்சும் குழாய் துள்ளி நடுங்கினால் உள்ளே குருதி போதவில்லை, அல்லது பம்பி அளவுக்கு மேல் இழுக்கிறது. அந்த நேரத்தில் வேகத்தைக் கூட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

ஓடத் தொடங்கிய பிறகும் ஆறுதலில்லை. நாடியில் கிடக்கும் தடித்த குழாய் அந்தக் காலுக்குப் போகும் குருதியை மறித்துவிடும். 2 மில்லிமீற்றரளவு தடிப்பில் இன்னொரு சிறிய குழாயைக் கீழ்நோக்கிப் போட்டுக் காலுக்கு வழிவிடாவிட்டால் சில மணித்தியாலத்தில் கால் கெடும். மெசின் கீழிருந்து மேலே தள்ளும் குருதிக்கு எதிராக, களைத்த இடது இதயவறை திறக்கமுடியாமல் வீங்கலாம். உள்ளே குருதி உறையலாம், நுரையீரலில் நீர் கட்டலாம். இதயம் சற்றுத் தேறித் துடிக்கும்போது வேறொரு பொறி இருக்கிறது: கெட்ட நுரையீரலில் இருந்து வரும் ஒட்சிசன் குறைந்த குருதி மூளைக்கும் வலது கைக்கும் போக, மெசினின் நல்ல குருதி கீழுடம்புக்கு மட்டும் போகும். இடது கையிலோ காலிலோ அளந்தால் எல்லாம் நலம் என்று காட்டும். அதனால் ஒட்சிசனை வலது கையில்தான் அளக்கவேண்டும். இவற்றை இரவு பகலாகப் பார்க்கும் தாதி ஒருவர் அந்த ஒரு நோயாளிக்கே வேண்டும். சில நாட்கள் கழித்து இதயம் தேறினாலும் மூளை எழும்பாமல் போவதுண்டு. அப்போது மெசினை நிறுத்தச் சம்மதம் கேட்டு வைத்தியர்கள் குடும்பத்திடம் வருவார்கள். இதையும் சங்கக்காரர் தெரிந்திருக்கவேண்டும்.

பலன் எவ்வளவு? அமெரிக்காவின் மினியாபொலிசில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில் மொத்தம் 30 பேர்தான், அதிலும் ஒருவர் இடையில் விலகிவிட்டார். எக்மோ பிரிவில் 14 பேரில் 6 பேர் உயிரோடு வீடு போனார்கள். வழமையான சிகிச்சையில் 15 பேரில் ஒருவர். பிராகில் 256 பேரில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் கழித்து நல்ல நினைவோடு இருந்தவர்கள் எக்மோ பிரிவில் 31.5 வீதம், வழமையான சிகிச்சையில் 22 வீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்று கணக்குச் சொன்னது. நெதர்லாந்தில் 10 வைத்தியசாலைகளில் நடந்து 2023இல் வந்ததில் எக்மோ பிரிவில் 20 வீதம், வழமையான சிகிச்சையில் 16 வீதம், பெரிய வித்தியாசமில்லை. ஒரே மெசின், ஒரே குழாய், ஆனால் பலன் வேறு. மினியாபொலிசில் ஒரே குழு திரும்பத் திரும்பச் செய்து கை பழகியிருந்தது, விழுந்ததிலிருந்து ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் குருதி ஓடியது. நெதர்லாந்தில் அதற்கு ஏறத்தாழ 74 நிமிடம் எடுத்தது. என் பார்வையில் இந்த மூன்று ஆய்வும் சொல்வது நேரத்தையும் கைப்பழக்கத்தையும் பற்றித்தான்.

ஆகவே சங்கத்துக்கு என் பதில்: இப்போது மெசின் வாங்கவேண்டாம். மெசின் ஒரு தடவைச் செலவு. குழாய்த் தொகுதியும் செயற்கை நுரையீரலும் ஒவ்வொரு நோயாளிக்கும் புதிதாக வேண்டும், அவற்றுக்குக் காலாவதித் திகதியும் உண்டு. வருடத்துக்கு இரண்டு மூன்று பேருக்குப் பூட்டும் இடத்தில் பெட்டிகள் களஞ்சியத்தில் காலாவதியாகும், வைத்தியர்களின் கையும் பழக்கம் விட்டுப்போகும். மின்சாரம் நின்றால் பம்பியைக் கையால் சுழற்றவும் ஆள் பயின்றிருக்கவேண்டும். இலங்கையில் வீதியில் விழுந்தவருக்கு எக்மோ பூட்டுவது இன்னும் வழமையான சேவையாக வரவில்லை. யாழ்ப்பாணத்துக்கு வரும் நாளில் அது ஸ்டென்ட் வைக்கும் அறையிலும் இதயச் சத்திரசிகிச்சைக் கூடத்திலும் முதலில் வரவேண்டும். அங்கே இதயம் நின்றால் அதே விநாடியில் அழுத்தத் தொடங்குவார்கள். இதயச் சிகிச்சைப் பிரிவு தானே திட்டம் போட்டு, ஆள் பயிற்றி, உங்களிடம் வந்து கேட்டால் அன்றைக்குக் கொடுங்கள்.

இன்றைக்கு அந்தப் பணத்தில் நெஞ்சழுத்தம் பழக்கும் பொம்மைகள் வாங்குங்கள். விளையாட்டுக் கழகங்கள், ஓட்டோச் சங்கங்கள், உயர்தர வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் அதில் அழுத்திப் பழகட்டும். பழக ஒரு பின்னேரம் போதும். ஆறு மாதத்துக்கொரு தடவை திரும்ப அழுத்திப் பார்க்கவேண்டும். ஆளை மல்லாக்காகக் கடினமான தரையில் கிடத்துங்கள். மைதானத்து நிலம் போதும். கட்டில் மெத்தையும் ஓட்டோவின் இருக்கையும் சரிவராது, அழுத்தமெல்லாம் மெத்தைக்குள் போய்விடும். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கை அடியை வைத்து மற்றக் கையை மேலே கோர்த்து, முழங்கை மடியாமல், 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தவேண்டும். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுக்க மேலே வர விடவேண்டும். வராவிட்டால் இதயம் நிரம்பாது. இரண்டு நிமிடத்துக்கொரு தடவை ஆள் மாறுங்கள். களைத்த கை ஆழம் குறைந்ததை உணராது. விலா எலும்பு முறிந்த சத்தம் கேட்டாலும் நிறுத்தவேண்டாம். வாய்க்குள் சோடாவோ தண்ணீரோ ஊற்றவேண்டாம், நுரையீரலுக்குப் போகும்.

முதல் ஆள் அழுத்த, இரண்டாம் ஆள் 1990க்கு அழைக்கவேண்டும். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2018 ஜூலையில் வடக்குக்கு வந்தது, காசு இல்லை. "நினைவில்லை, மூச்சில்லை, நெஞ்சை அழுத்துகிறோம்" என்று சொல்லி, சந்தியின் பெயரையும் கோயில் அல்லது பாடசாலை அடையாளத்தையும் சொல்லுங்கள். ஒரு பொடியனைச் சைக்கிளில் சந்திக்கு அனுப்பி வண்டியை மறிக்கச் சொல்லுங்கள். ஓட்டோவில் ஏற்றி ஓடுவது கெதியான வழி என்று தோன்றும். ஆனால் ஓட்டோவுக்குள் யாராலும் நெஞ்சை அழுத்தமுடியாது. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகேறும் குடும்பத்துக்கு இது இன்னும் கடினம். அங்கே கரையிலுள்ள நாலு பேருக்காவது பழக்கியிருக்கவேண்டும்.

இரண்டாவது, மின்னதிர்ச்சிக் கருவி, ஏ.ஈ.டி. என்பார்களே, அது. நெஞ்சழுத்தமும் அதிர்ச்சியும் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 வீதம் குறைகிறது. அண்ணாவின் இதயம் விழுந்த அந்த நேரத்தில் பெரும்பாலும் நடுங்கிக்கொண்டிருந்திருக்கும். நேர்கோடு பிறகு வந்தது. இந்தக் கருவி தானே ஈசிஜி பார்த்து, தேவையென்றால் மட்டும் அதிர்ச்சி கொடுக்கச் சொல்லும். வாங்கும்போது தமிழில் குரல் வருமா என்று கேளுங்கள். வராவிட்டால் படம் பெரிதாகத் தெளிவாக உள்ளதை எடுங்கள். ஒட்டுத்தகடு பொதுவாக இரண்டு வருடத்தில் காலாவதியாகும், மின்கலம் நாலைந்து வருடத்தில். அந்தத் திகதிகளைப் பெட்டியின் வெளியே பெரிய எழுத்தில் எழுதி, பார்ப்பதற்கு ஒருவரைப் பொறுப்பாக நியமியுங்கள். எங்கள் வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வைத்தால் தகட்டின் பசை காய்ந்துவிடும். பூட்டிய அலுமாரியும் வேண்டாம். திறப்பு வைத்திருப்பவர் ஊரில் இல்லாத அன்றுதான் தேவைப்படும். விளையாடி வியர்த்த ஆள் என்றால் நெஞ்சைத் துணியால் நன்றாகத் துடைத்து, சங்கிலியை ஒதுக்கி, ஒரு தகட்டை வலது காறை எலும்பின் கீழும் மற்றதை இடது கமக்கட்டின் கீழும் ஒட்டவேண்டும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் அந்தச் சனத்துக்குள் இப்படி ஒரு கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும் என்பது என் ஆசை.

இன்னும் பணம் மிஞ்சினால், நெஞ்சை அழுத்தும் இயந்திரம் ஒன்று வைத்தியசாலைக்கு உதவும். லூகாஸ் என்ற வகை நிமிடத்துக்கு 102 தடவை, 5.3 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் களைக்காமல் அழுத்தும். அதையும் வைத்தியசாலையிடம் கேட்டுவிட்டே வாங்குங்கள்.

மைதானத்தில் நின்றவர்கள் மேல் கோபப்படாதீர்கள். நீங்களும் குற்ற உணர்ச்சியில் வேகவேண்டாம். அவர்கள் தெரிந்ததைச் செய்தார்கள். இதை அவர்களுக்கு யாரும் பழக்கவில்லை.

கடைசியாக நீங்கள் கேட்காத ஒன்று. அண்ணாவுக்கு 46, உங்களுக்கு 41. 55 வயதுக்கு முன் சகோதரனுக்கு இதய நோய் வந்தால் உங்களுக்கும் அபாயம் கூட. திடீர் மரணம் என்பதால் மரண விசாரணையும் பிரேத பரிசோதனையும் நடந்திருக்கும். அந்த அறிக்கையின் பிரதியை எடுங்கள். இதயக் குழாயில் அடைப்பு என்று இருந்தால் உங்களுக்கும் மற்றச் சகோதரங்களுக்கும் இரத்த அழுத்தம், சீனி, கொலஸ்ட்ரோல், ஈசிஜி பார்க்கவேண்டும். இதயத் தசை தடித்திருந்தது என்றோ, காரணம் ஒன்றும் தெரியவில்லை என்றோ எழுதியிருந்தால் அண்ணாவின் பிள்ளைகளையும் ஈசிஜிக்கும் எக்கோ ஸ்கானுக்கும் கூட்டிக்கொண்டு போகவேண்டும். சில இதய நோய்கள் பரம்பரையாக இறங்கும். விளையாடும்போது மயங்கி விழுந்த பிள்ளை வீட்டில் யாராவது இருந்தால் அந்தப் பிள்ளையை முதலில் காட்டுங்கள், காட்டும்வரை மைதானத்துக்கு அனுப்பவேண்டாம். கிளினிக்குக்குப் போகும்போது அறிக்கையோடு அண்ணா பாவித்த மருந்துகளின் விபரத்தையும், பழைய ஈசிஜி ஏதாவது வீட்டில் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள்.